குதிகால் தரையில் இருக்கட்டும்

பெரும்பாலானவர்களுக்குத் தங்கள் இடது முழங்கால் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். கோல்ஃப் மட்டையைக் கையில் கொடுத்துப் பின்னால் தூக்கச் சொல்லிவிட்டு, "இப்போது உங்கள் முழங்கால் எந்தப் பக்கம் பார்க்கிறது?" என்று கேட்டால் விழிப்பார்கள். பிறகு குனிந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்வார்கள். இருபத்தாறு வருடங்களாகச் சொல்லிக்கொடுக்கிறேன். குனியாமல் பதில் சொன்னவர் ஒருவரும் இல்லை. மேடம், நீங்கள்கூட இப்போது மேசைக்கு அடியில் பார்த்தீர்கள். தப்பில்லை. எல்லோரும் செய்வதுதான்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். இந்த ஆட்டத்தில் முதல் என்றால் அது கால்தான். பந்தைக் கையால் அடிப்பதாக ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. கை வெறும் அகப்பை. சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும். சட்டி என்பது கால். மட்டை பின்னால் போகும்போது உடம்பின் பாரம் வலது காலின் உட்புறத்தில் வந்து நிற்க வேண்டும். வலது முழங்கால் மடிந்தபடியே இருக்க வேண்டும். அடிக்க இறங்கும்போது முதலில் அசைய வேண்டியது தோளும் இல்லை, மணிக்கட்டும் இல்லை. இடது கால். பாரம் இடது பாதத்தில் இறங்கி, இடுப்பு திரும்பி, இடது கால் நிமிர்ந்த பிறகுதான் கைக்கு வேலை. இவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள ஒரு மனிதனுக்கு ஒரு நிமிடம் போதும். செய்வதற்குத்தான் ஆயுள் போதுவதில்லை.

இதையெல்லாம் எழுதி ஒரு சிறு கையேடு போட்டிருக்கிறேன். கிளப் அலுவலகத்தில் கிடக்கும். காபி டம்ளர் வைக்க வசதியான அளவு என்று செயலாளர் ஒருமுறை சொன்னார். விளையாட்டாகச் சொன்னதுதான். நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அது நடந்தது ஒன்பது வருடங்களுக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை.

என் மனைவி இத்தனை வருடங்களில் பயிற்சித் திடலுக்கு நாலு தடவை வந்திருப்பாள். ஒரு தடவை நான் அடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்க கால் ரொம்ப அழகாப் போகுதுங்க. பந்துதான் போக மாட்டேங்குது" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு நல்ல குடும்பத்தில் இப்படிப் பேச்சு இருக்கத்தான் செய்யும்.

இனி என் சகலையைப் பற்றிச் சொல்கிறேன். மனைவியின் தங்கை கணவர். லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருடம் லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஏறியவர். ஓய்வு பெற்றதும் எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு தள்ளிக் குடிவந்தார். உருண்டையான மனிதர். ஒரு வேடிக்கையைச் சொல்வதற்கு முன்னாலேயே அதற்குச் சிரித்து முடித்துவிடுவார். வந்த மூன்றாம் நாள் எங்கள் வீட்டு வாஷிங் மெஷினைக் கழற்றி மாட்டினார். நான் இரண்டு வருடமாக அதை உதைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அது உதைக்காமலே ஓட ஆரம்பித்தது. என் மனைவி அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

பொழுது போகாமல் ஒருநாள் என்னோடு கிளப்புக்கு வந்தார். அதுவரை கோல்ஃப் மட்டையைத் தொட்டதில்லை. ஒன்றைக் கொடுத்தேன். நட்ட கம்பம் மாதிரி நின்றார். இரண்டு பாதங்களும் தரையில் ஒட்டியிருந்தன. முழங்கால், இடுப்பு எதுவும் அசையவில்லை. தோளையும் கையையும் மட்டும் ஒரு சுற்றுச் சுற்றினார். பந்து இருநூற்றிருபது கெஜம், நூல் பிடித்த மாதிரி போய் விழுந்தது.

"பந்து எங்க சகலை? காணோமே" என்றார். அவர் தரையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"கால் அசையவே இல்லை" என்றேன்.

"அடடா. அது தப்பா? நிக்கறதுக்குத்தான் காலுன்னு நினைச்சுட்டு இருந்தேன்."

திடலில் இருந்த ஏழு பேரும் சிரித்தார்கள். இருபத்தாறு வருடங்களில் நான் சொன்ன எதற்கும் அப்படி ஒரு சிரிப்பு வந்ததில்லை. நான் சொன்னவை சிரிக்கும்படியானவை அல்ல என்பதும் உண்மை.

அதற்குப் பிறகு தினமும் வந்தார். தினமும் அப்படியே நின்றார். தினமும் அப்படியே போனது. ஒரு தவறு ஒருமுறை பலித்தால் அதிர்ஷ்டம். தினமும் பலித்தால் அது அடுத்தவர்களைக் கெடுக்க ஆரம்பித்துவிடும். பல் டாக்டரம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் ஆறு வருடம் கற்றவர். வலது முழங்காலைப் பற்றி அவரால் ஒரு மணி நேரம் பேச முடியும். பந்து மட்டும் தரையை விட்டு எழாது. அதுவும் வந்துவிடும் என்று சொல்லியிருந்தேன். ஒரு காலை, நான் தேநீர் குடிக்கப் போன இடைவெளியில், சகலை அவரிடம் சொல்லியிருக்கிறார்: "காலை மறந்துடுங்க டாக்டர். வீட்டுல வேண்டாத சாமான் ஒண்ணு இருக்கும் பாருங்க, அதைத் தூக்கி வாசலுக்கு வெளிய போடுற மாதிரி வீசுங்க. அவ்வளவுதான்."

நான் திரும்பி வந்தபோது அந்தப் பந்து காற்றில் இருந்தது. டாக்டரம்மா அழுதுகொண்டிருந்தார். சந்தோஷத்தில். என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சார், போச்சு சார், போச்சு" என்றார். ஆறு வருட உழைப்பு போயே போயிற்று என்பதை அவர் உணராமலே சொன்னார்.

அந்த வாரக் கடைசியில் செயலாளர் அழைத்தார். சனிக்கிழமை காலையில் புதியவர்களுக்கான வகுப்பு, நான் எடுப்பது. "அதை உங்க சகலை எடுக்கட்டுமே" என்றார். "நீங்க அப்புறமா இலக்கணம் எல்லாம் சொல்லிக்குடுங்க. அவர் சும்மா ஆரம்பிச்சு வைக்கட்டும். ஜனங்களுக்கு அவர்கிட்ட பயம் இல்லை பாருங்க."

சரி என்றேன். நான் கோபப்படவில்லை என்பதை அவரையே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். "ரொம்பப் பெரிய மனசு சார் உங்களுக்கு" என்றுகூடச் சொன்னார்.

அடுத்த நாள் மதியம் சகலை வீட்டில் சாப்பாடு. கை கழுவப் போன இடத்தில் என் மைத்துனி என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டாள். அடுப்பில் எதையோ கிளறுவது போல நின்றுகொண்டு மெதுவாகப் பேசினாள்.

"அத்தான், உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அவருக்கு இடது இடுப்புல ஆபரேஷன் ஆகியிருக்கு. எலும்பை எடுத்துட்டு உருண்டையும் கிண்ணமுமா இரும்பு வச்சிருக்காங்க. ஒரு தடவை கழண்டு மறுபடி வச்சது. இன்னொரு தடவை கழண்டா ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டார். இடது காலை ஊன்றிக்கிட்டு உடம்பை முறுக்கவே கூடாது. அவர் இதை யார்கிட்டயும் சொல்ல மாட்டார், கூச்சம். நீங்க கொஞ்சம் பார்த்துக்குங்க அத்தான்."

"நான் பார்த்துக்கறேன். நீ கவலைப்படாதே" என்றேன்.

இந்தத் தகவலை நான் தேடிப் போகவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவாக என்னிடம் வந்தது. அவர் ஏன் கம்பம் மாதிரி நிற்கிறார் என்பது அப்போதுதான் விளங்கியது. உங்களுக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம். ஆனால் ஒரு மாதமாக என் தொழிலையே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது ஒரு இரும்பு உருண்டை என்று தெரிந்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் அவரிடம் சொன்னேன், "சகலை, உங்க கையில இருக்கறது வரம். கால் மட்டும் வந்துடுச்சுன்னா உங்களை யாரும் பிடிக்க முடியாது. தினமும் காலைல நான் தனியாச் சொல்லித் தர்றேன்."

அவர் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "நானே கேட்கணும்னு இருந்தேன் சகலை. உங்ககிட்ட கத்துக்காம நான் பாட்டுக்கு அடிச்சுக்கிட்டு இருக்கறது எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. குருன்னு ஒருத்தர் வேணும்ல" என்றார். பார்த்தீர்களா. அவரே கேட்டார்.

எந்த மாணவருக்கும் நான் ஒரு நோட்டில் பாடத்திட்டம் எழுதுவது வழக்கம். அவருக்கும் எழுதினேன். உங்கள் மேசையில் இருப்பது அதுதான். முதல் பக்கத்தில், "இடது இடுப்பு, உலோகம். பாதம் நேராக. குதிகால் தரையில்" என்று இருக்கும். என் கையெழுத்துதான். நிதானமாக எழுதியது என்பதால் வாசிக்கச் சிரமம் இருக்காது.

அவருடைய பழைய ஷூ வழுக்கியது. வழுக்கும் ஷூவில் பாதம் கொஞ்சம் சுழன்று கொடுக்கும். முறுக்கு இடுப்புக்குப் போகாது. எனவே புது ஷூ வாங்கிப் பரிசளித்தேன். அடியில் புல்லைக் கவ்விப் பிடிக்கும் முட்களை நானே ஒவ்வொன்றாகத் திருகிப் பொருத்தினேன். அவர் அதைத் தெரு முழுக்கக் காட்டினார். "எங்க சகலை வாங்கிக் குடுத்தது" என்று பால்காரரை நிறுத்திச் சொன்னதாக என் மனைவி சொன்னாள். அன்று அவள் என்னைக் கொஞ்சம் அன்பாகப் பார்த்தாள். ரொம்ப நாளுக்குப் பிறகு.

பயிற்சி பத்தொன்பது நாள் நடந்தது. முதல் வாரம் பாரத்தை வலது காலுக்குக் கொண்டுபோவது மட்டும். அவருக்கு எதுவும் ஆகவில்லை. நான் அவசரப்படுகிறவன் இல்லை. இரண்டாம் வாரம் இடது காலுக்கு வந்தோம். இடது பாதம் நேராக, குதிகால் ஒட்டி, இடுப்பு மட்டும் வெடுக்கென்று திரும்ப வேண்டும். தினமும் காலையில் நூறு வீச்சு. பந்து அவருக்கு முன்போலப் போகவில்லை. இடத்துக்கு ஒன்றாகச் சிதறியது. திடலில் இருந்தவர்கள் அனுதாபமாகப் பார்த்தார்கள். கற்றுக்கொள்பவர்களுக்கு அப்படித்தான் ஆகும் என்று நான் எல்லோருக்கும் விளக்கினேன்.

எட்டாம் நாள் அவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். "சகலை, இடுப்புக்கிட்ட ஒரு மாதிரி இழுக்குது" என்றார்.

"இழுத்தாத்தான் சரி. இத்தனை வருஷம் தூங்கின தசை இப்பத்தான் கண்ணு முழிக்குது."

அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். அந்த ஆபரேஷனைப் பற்றியாகத்தான் இருக்கும். வலி மாத்திரை ஒன்றை எடுத்து நீட்டினேன். தண்ணீர் பாட்டிலையும் திறந்து கொடுத்தேன். வாயில் மாத்திரையும் தண்ணீரும் இருக்கும்போது யாராலும் பேச முடியாது. விழுங்கியதும் எழுந்துவிட்டார். மறுநாளிலிருந்து பயிற்சிக்கு முன்பே ஒரு மாத்திரை கொடுத்தேன். பொறுப்புள்ள எந்தப் பயிற்சியாளரும் மாணவரின் வலியைக் குறைக்கத்தான் பார்ப்பார்.

பன்னிரண்டாம் நாள் இன்னொன்று நடந்தது. இதை நீங்கள் கேட்கவில்லை. முழுமைக்காக நானே சொல்கிறேன். ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே அவர் சொன்னார், "சகலை, அந்தச் சனிக்கிழமை வகுப்பு வேணாம்னு செயலாளர்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன். அது எங்க சகலையோடது, நான் யாரு அதுல மூக்கை நுழைக்கன்னு கேட்டேன். உங்ககிட்ட சொல்லவே இல்லையா அவர்?"

சொல்லவில்லை. செயலாளருக்கு மறதி அதிகம்.

"உங்க மனசு கஷ்டப்பட்டிருக்கும்னு எனக்குத் தெரியும். அதான் நீங்க கூப்பிட்டதும் பாடத்துக்கு வந்தேன். எனக்கு எதுக்கு சகலை இந்த வயசுல ஆட்டமெல்லாம்? நீங்க நல்லா இருந்தாச் சரி."

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாமே என்று உங்கள் முகத்தில் தெரிகிறது. நானும் யோசித்தேன். அன்று இரண்டு வீச்சுகளுக்கு இடையில் கணிசமான நேரம் யோசித்தேன். ஆனால் பாதியில் விட்ட பயிற்சி உடம்புக்குக் கெடுதல். பழைய பழக்கமும் போய், புதுப் பழக்கமும் வராமல், மனிதன் இரண்டுங்கெட்டானாகிவிடுவான். தவிர, என் மேல் இரக்கப்பட்டு ஒருவர் என்னிடம் கற்கிறார் என்றால், அவருக்கு முழுமையாகக் கற்றுக்கொடுப்பதுதான் நான் செய்யக்கூடிய பதில் மரியாதை.

பத்தொன்பதாம் நாள் காலை எட்டே கால். வெயில் ஏறவில்லை, காற்றும் இல்லை. சொல்லிக்கொடுக்க நல்ல பொழுது. பக்கவாட்டில் நின்று ஃபோனில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் காலின் வேலை தெரியும் என்பதற்காக எல்லோரையும் பிடிப்பேன். அந்தப் படத்தில் என் குரல், "குதிகால் தரையில இருக்கட்டும்" என்று பதினொரு தடவை கேட்பதாகச் சொன்னீர்கள். எண்ணியதற்கு நன்றி. நான் பன்னிரண்டு என்று நினைத்திருந்தேன்.

கடைசி வீச்சைத் தயவுசெய்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பாரம் வலது காலின் உட்புறத்தில் நிற்கிறது. முழங்கால் மடிந்தே இருக்கிறது. கை இன்னும் மேலே இருக்கும்போதே இடது கால் வேலையைத் தொடங்கிவிட்டது. பாதம் ஆணி அடித்தது போல நிற்கிறது. இடுப்பு முழுவதுமாகத் திரும்புகிறது. இருபத்தாறு வருடங்களில் என் மாணவர் எவரும் அப்படிச் செய்ததில்லை. சொல்லப்போனால் நானே செய்ததில்லை. அதற்குப் பிறகு ஒரு சத்தம் கேட்கும். காய்ந்த குச்சியை முறிப்பது போல. அது மட்டையின் சத்தம் இல்லை.

அவர் விழுந்தார். "சகலை" என்று ஒரு தடவை கூப்பிட்டார். கேட்டது. பந்து எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். அறுபது கெஜம், வலப்பக்கமாகப் போய்க் குட்டையில் விழுந்தது. அது வேறு விஷயம். அதற்குள் பல் டாக்டரம்மா மட்டையை வீசிவிட்டு ஓடி வந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "அதை ஆஃப் பண்ணுங்க சார்" என்று கத்தினார். ஃபோன் இன்னும் என் கையில் ஓடிக்கொண்டிருந்தது.

உருண்டை கிண்ணத்தை விட்டு வெளியே வந்திருந்தது. தொடை எலும்பும் அதன் கீழே நீளவாக்கில் பிளந்திருந்தது. அன்று மாலையே அறுவை சிகிச்சை செய்தார்கள். நாலு நாள் படுக்கையில் இருந்தார். போய்ப் பார்த்தேன். "நான்தான் சகலை ஏதோ தப்பா நின்னுட்டேன் போல" என்றார். "இல்லை, சரியாத்தான் நின்னீங்க" என்றேன். ஒரு மாணவரிடம் பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. ஐந்தாம் நாள் காலையில் காலில் உறைந்திருந்த ரத்தக் கட்டி ஒன்று நெஞ்சுக்குப் போய் அடைத்துக்கொண்டது. பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அதுவும் காலிலிருந்து புறப்பட்டதுதான் என்று டாக்டர் சொன்னபோது நான் தலையசைத்தேன். பழக்க தோஷம்.

மருத்துவமனை நடையில் என் மைத்துனி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "உங்ககிட்ட சொன்னேனே அத்தான். அடுப்பங்கரையில நின்னு சொன்னேனே. பார்த்துக்கறேன்னு சொன்னீங்களே."

"அப்படி எதுவும் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்லையேம்மா" என்றேன். நான் சொன்ன ஒரே பொய் இது. அவளுடைய நிம்மதிக்காகச் சொன்னேன். தன் எச்சரிக்கை வீணானது என்பதைவிட, தான் எச்சரிக்கவே இல்லையோ என்று நினைத்துக்கொள்வது சுலபம் என்று தோன்றியது. அவளுக்கு அது சுலபமாக இல்லை என்று பிறகு தெரிந்தது.

என் மனைவி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் என் அலமாரியைத் திறந்து அந்த நோட்டை எடுத்து உங்களிடம் கொடுத்திருக்கிறாள். கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன். முதல் பக்கத்தின் மூலையை மடித்திருக்கிறாள், அதைத்தான் செய்திருக்க வேண்டாம். வீட்டை விட்டுப் போகும்போது அவள் எடுத்துப்போனது ஒரு பெட்டி. வாசலில் நின்று, "அவர் ஒரு தடவைகூட உங்களைப் பத்திக் குறைவாப் பேசினதில்லை தெரியுமா? ஒரு தடவைகூட" என்றாள். அப்போது அவள் முழங்கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. நான் கவனித்தேன். இரண்டும்.

என் கையேட்டின் ஏழாம் பக்கத்தை நேற்று என்னிடம் வாசித்துக் காட்டினீர்கள். "இடுப்பு அறுவை செய்துகொண்டவர்கள் இடது பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி வைக்கவும். குதிகாலைத் தாராளமாகத் தூக்கலாம்." இதை எழுதியது நீங்கள்தானே என்று கேட்டீர்கள். நான்தான். அதில் பிழை இல்லை. அந்தக் கையேட்டை ஒருவர் அத்தனை கவனமாக வாசித்தது அதுவே முதல் தடவை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் தட்டச்சு செய்து வைத்திருக்கும் வாக்குமூலத்தை இரண்டு தடவை படித்தேன். "இடுப்பில் உலோகம் இருப்பதைத் தெரிந்துகொண்டே" என்று இருக்கிறது. சரி. "இடுப்பு மூட்டு கழன்றுவிடும் என்பதை எதிர்பார்த்து, திட்டமிட்டு" என்று இருக்கிறது. அதுவும் சரி. "பொறாமையின் காரணமாக" என்று போட்டிருக்கிறீர்கள். காலைப் பயன்படுத்தவே தெரியாத ஒரு மனிதர்மேல் எனக்கு என்ன பொறாமை? ஆனால் சட்டத்துக்கு ஒரு காரணம் வேண்டியிருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். கொலை என்று எழுதியிருப்பதற்கும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மூன்றாம் பக்கத்தில், மேலிருந்து நாலாவது வரி. "தவறான முறையில் பயிற்சி அளித்து" என்று இருக்கிறது. அதில் "தவறான" என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள் மேடம். மற்ற எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்துப் போடுகிறேன். அந்தச் சொல்லோடு நான் வெளியே நாலு பேர் முன்னால் தலைகாட்ட முடியாது.